மடிப்பு விட்டுத் தைத்த பாவாடை

பழவேற்காட்டு ஊருக்குக் கிழக்கே ஏரிக்கு ஒரு வாய் இருக்கிறது. முகத்துவாரம் என்று அதற்குப் பெயர். இந்தியாவிலே சில்கா ஏரிக்கு அடுத்தபடி பெரிய உப்பங்கழி இந்தப் பழவேற்காடு ஏரிதான். தமிழ்நாடும் ஆந்திரமும் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அத்தனை பெரிய நீர்ப்பரப்பின் தென்பாகம் உயிரோடு இருப்பது இந்தச் சின்ன வாயினால்தான். கடல் பெருகும்போது இதன் வழியாக உப்புநீரும் இறால் குஞ்சும் உள்ளே வருகின்றன. மழைக்காலத்து வெள்ளம் இதன் வழியாகத்தான் வெளியே போகிறது. மணல் தூர்ந்து வாய் அடைபட்டால் ஏரியில் மீன் அற்றுப் போகும். கோட்டைக்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் அடுப்பு எரியாது. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. வாயே அடைபட்ட பிறகு பாடு ஏது, பங்கு ஏது?

மனித இருதயத்தின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கேயும் வாய்கள் இருக்கின்றன. ஒன்றல்ல, நான்கு. ஆனால் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. ஏரியின் வாய் வரவுக்கும் போக்குக்கும் பொது. இருதயத்தின் வாய்களோ ஒரு வழிதான் விடும். மீனவர்கள் மூங்கிலில் பின்னும் பறியை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் வாயில் உட்புறமாகச் சாய்ந்த சிம்புகள் இருக்கும். உள்ளே நுழைந்த மீன் திரும்பி வர முடியாது. இருதயத்தின் வாய்களில் சிம்புகளுக்குப் பதிலாக மெல்லிய சவ்விதழ்கள். ரத்தம் முன்னே போகும்போது இதழ்கள் விலகி வழி விடுகின்றன. திரும்ப எத்தனித்தால் ஒன்றோடொன்று சேர்ந்து வழியை அடைக்கின்றன. வால்வு என்று டாக்டர்கள் சொல்வது இந்தக் கதவுகளைத்தான். நாள் ஒன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை அவை திறந்து மூடுகின்றன. எந்தத் தச்சனும் அப்படி ஒரு கதவைச் செய்து தர ஒப்புக்கொள்ள மாட்டான்.

இந்தக் கதவுகளைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. அது ஏழைகளின் வீட்டுக்குத்தான் அதிகமாக வரும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடுகளில் ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்தால் மற்றக் குழந்தைகளுக்கும் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் வேலை அது. நாலைந்து நாளில் தொண்டை தானாக ஆறிவிடும், தாயும் மறந்துவிடுவாள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், முழங்கால் வீங்கும், அதுவும் போய்விடும். ஆனால் அந்தக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பின் சொந்தச் சேனையே ஆள் தெரியாமல் இருதயத்தின் சவ்விதழ்களையும் தாக்கிவிட்டுப் போயிருக்கும். 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் இந்த முடக்குக் காய்ச்சல் பெரும்பாலும் தேடிப் பிடிக்கிறது. இதழ்கள் தடித்து, சுருங்கி, ஒட்டிக்கொள்கின்றன. கதவு முழுவதும் திறப்பதில்லை, அல்லது முழுவதும் மூடுவதில்லை. ஓடி விளையாடிய குழந்தை மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது. இது தவிர, பிறக்கும்போதே கோணல் கதவோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அந்த நோய் ஏழை பணக்காரர் என்று பார்ப்பதில்லை.

இப்படி ஒரு பெண்குழந்தை ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு வயது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னையில் பெரிய டாக்டர் பரிசோதித்துப் பார்த்து, "வால்வு மாற்ற வேண்டும், அம்மா" என்கிறார். தாய் கேட்பதற்கு எத்தனையோ இருக்கின்றன: பணம் எவ்வளவு, பிழைப்பாளா, எத்தனை நாள். ஆனால் பிள்ளை வளர்த்தவள் யாராக இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பாள்.

"ஐயா, பாப்பா வளர்ந்தா அதுவும் கூட வளருமா?"

"வளராதும்மா."

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் எழுபது வருஷத்துச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

நம் வீடுகளில் சிறுமிகளுக்குப் பாவாடை தைக்கக் கொடுக்கும்போது தாய்மார் தையற்காரரிடம் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "மடிப்பு விட்டுத் தையுங்கள், வளர்கிற பிள்ளை." அடுத்த தீபாவளிக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிடலாம், அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. ஒரே பாவாடை மூன்று வருஷம் வரும். பழவேற்காட்டார் துணியின் அருமை தெரிந்தவர்கள். 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் வந்ததே சோழமண்டலக் கரையின் துணிக்காகத்தான். மலாய் நாட்டில் இன்றும் கைலிக்குப் 'பெலிகாட்' என்று வழங்கும் பெயர் இந்த ஊர்ப் பெயரிலிருந்து போனதுதான். அந்த ஊர்த் தாய்க்கு எளிதில் விளங்கும் ஒரு காரியம், உலகத்தின் மிகப் பெரிய ரண சிகிச்சை நிபுணர்களுக்கு நெடுங்காலம் கைகூடவில்லை. அவர்கள் செய்த வால்வுகளில் மடிப்பு இல்லை.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று பார்த்தால் அது விளங்கும்.

1952-இல் வாஷிங்டன் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லஸ் ஹஃப்னேகல் என்ற டாக்டர் முதல்முதலாக ஒரு செயற்கை வால்வை மனித உடம்பில் வைத்தார். அதன் தத்துவம் நமக்குப் புதிதல்ல. கோலி சோடாவில் இருப்பதுதான். சோடாப் புட்டியின் கழுத்தில் கோலிக்குண்டு மேலே எழும்பி வாயை அடைப்பது போல, ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு குண்டு. ரத்தம் முன்னே பாய்ந்தால் குண்டு நகரும். பின்னே வந்தால் வழியை அடைக்கும். இருதயத்தை நிறுத்திவைத்துத் திறக்கும் யந்திரம் அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. ஆகையால் அவர் இருதயத்தைத் தொடாமல், அதிலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக் குழாயில் இதைப் பொருத்தினார். குண்டு ஒவ்வொரு துடிப்புக்கும் 'டக், டக்' என்று அடிக்கும் சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்குமாம்.

அடுத்த வருஷமே இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ரத்தத்தை ஓட்டும் யந்திரம் வந்தது. 1960-இல் ஆரிகன் மாகாணத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் டாக்டரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற எஞ்சினீயரும் சேர்ந்து இருதயத்துக்குள்ளேயே குண்டு வால்வைப் பொருத்தினார்கள். எட்வர்ட்ஸ் உண்மையில் முழு இருதயத்தையே செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர். "முதலில் ஒரு கதவைச் செய்வோம்" என்ற கட்டத்தில் அவரை நிறுத்தியவர் ஸ்டார். முதல் நோயாளி சில மணி நேரத்தில் இறந்து போனார். அடுத்தவர் பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அதன் பிறகு குண்டுக்குப் பதிலாகச் சாயும் தட்டு வந்தது. 1977-இல் கதவின் இரட்டைச் சிறகு போன்ற செயின்ட் ஜூட் வால்வு வந்தது.

இத்தனை பேரும் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: தேயாமல், உடையாமல் எத்தனை காலம் வரும்? வருஷத்துக்கு ஏறக்குறைய 4 கோடி தடவை அடிக்கும் கதவுக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதற்குக் கிடைத்த விடை உலோகமும் கரியும் பிளாஸ்டிக்கும். அவையெல்லாம் ஜடப் பொருள்கள். ஜடப் பொருள் தேயாது, வளரவும் வளராது. ஐம்பது வயதுக்காரருக்கு அதனால் நஷ்டம் இல்லை.

இந்தச் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. அது பெருமைப்படத் தக்க பக்கம். ஹஃப்னேகலிடம் பயின்ற எம். எஸ். வலியத்தான் என்ற மாவேலிக்கரைக்காரர் 1970-களில் திருவனந்தபுரத்துக்கு வந்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தை வளர்த்தார். வெளிநாட்டு வால்வின் விலை அன்றைய இந்திய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை. வால்வு கிடைத்தால் பிழைத்துவிடக்கூடிய இளைஞர்கள் விலை கொடுக்க முடியாமல் வீடு திரும்பினார்கள். 'நாமே செய்வோம்' என்று அவரும் அவருடைய எஞ்சினீயர்களும் முனைந்தார்கள். செய்த வடிவங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றுப் போயின. ஒரு கட்டத்தில் செயற்கை நீலக்கல்லிலே தட்டுச் செய்து பார்த்தார்கள். அரசர் மோதிரத்தில் ஜொலிக்கும் கல்லும் இருதயப் பரீட்சையில் தேறவில்லை. நாலாவது வடிவத்தில் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகக் கூட்டுக்குள் பாலிஎதிலீன் தட்டு ஒன்று சாய்ந்து நிமிர்ந்தது. அதைச் சுற்றி இருதயத்தோடு வைத்துத் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணியால் ஒரு வளையம். அது செம்மறியாடுகளிடம் வெற்றி பெற்று, 1990 டிசம்பரில் மனிதருக்கு வைக்கப்பட்டது. டி. டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்கும் பொறுப்பை ஏற்றது. வெளிநாட்டு வால்வின் விலையில் ஒரு பகுதிதான் இதன் விலை. இன்று வரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்புக்குள் இந்த 'சித்ரா' வால்வு ஏறியிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். ஒரு டாக்டர் விட்டுப் போகக்கூடிய சொத்து இதைவிட வேறு என்ன?

ஆனால் சித்ராவும் ஜடம்தான். எட்டு வயதுப் பெண்ணைப் பொறுத்தவரை திருவனந்தபுரத்துக் கதவும் அமெரிக்கக் கதவும் ஒன்றே. இரண்டிலும் மடிப்பு இல்லை.

மடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிறந்த குழந்தைக்கு இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல் சுமார் 7 மி.மீ. அகலந்தான். வளர்ந்த மனிதனுக்கு அதுவே 22, 23 மி.மீ. குழந்தையின் இருதயம் அவரவர் கைமுட்டி அளவு என்பார்கள். முட்டி பெரிதாகப் பெரிதாக வாசலும் பெரிதாக வேண்டும். உலோக வளையம் வைத்துத் தைத்த வாசல் பெரிதாகாது. உடம்பு வளர்ந்து அதிக ரத்தம் கேட்கும்; வாசல் அதே அளவில் நிற்கும். ஆகவே சில வருஷங்களுக்கு ஒரு முறை மார்பைப் பிளந்து பழைய கதவை எடுத்துவிட்டுப் பெரிய கதவை வைக்க வேண்டும். முதல் தடவை திறந்த இடத்தில் தசையும் எலும்பும் தழும்பேறி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆபத்து முன்னதைவிட அதிகம்.

அதோடு தீர்ந்ததா? ஜடப் பொருளைக் கண்டால் ரத்தம் உறையும். உறைந்த கட்டி கதவில் சிக்கினால் கதவு நின்றுவிடும்; மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். ஆகவே ஆயுள் முழுவதும் வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட வேண்டும். முதலில் எலிப் பாஷாணமாக விற்ற சரக்கு அது. குறைந்தால் ரத்தம் உறையும். கூடினால் சின்னக் காயம் பட்டாலும் நிற்காது. அளவு சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். நகரத்துக் குழந்தைக்கு அது அடுத்த தெருவில் நடக்கிற காரியம். குப்பத்துக் குழந்தைக்கோ தகப்பன் ஒரு நாள் கடலுக்குப் போகாமல் பஸ் ஏறினால் நடக்கும். அவள் பெரியவளாகிக் கல்யாணம் ஆன பிறகு வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அந்த மாத்திரை சிசுவைக் கெடுக்கக்கூடியது. நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் பிள்ளைக்கு. எட்டு வயதில் வைத்த கதவு, இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிறது.

இந்தத் தொல்லையிலிருந்து தப்பப் பலர் முயன்றிருக்கிறார்கள். பாரிஸில் அலேன் கார்ப்பாந்த்தியே என்பவர் 1960-களின் கடைசியில் பன்றியின் வால்வைக் குளூட்டரால்டிஹைடு என்ற மருந்தில் பதப்படுத்தி மனிதருக்கு வைத்தார். தோல் பதனிடுவது போன்ற வேலைதான். வார்ஃபரின் வேண்டியதில்லை என்பது அதன் பெரிய நன்மை. முதியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் வளர்கிற குழந்தையின் ரத்தத்தில் எலும்புக்காகச் சுண்ணாம்புச் சத்து மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா? பதனிட்ட தோலில் அது சீக்கிரமே படிந்து, சில வருஷங்களில் கதவைக் கல்லாக்கிவிடுகிறது. யாருக்கு அதிக காலம் வர வேண்டுமோ, அவர்களுக்குத்தான் குறைந்த காலம் வருகிறது.

1967-இல் லண்டனில் டொனால்டு ராஸ் வேறு வழி கண்டார். குழந்தையின் நுரையீரல் பக்கத்துக் கதவு நன்றாக இருந்தால், அதைக் கழற்றி உடம்புப் பக்கத்து வாசலில் வைத்துத் தைத்துவிடுவது. சொந்தச் சதை, உயிருள்ள சதை, ஆகையால் அது குழந்தையோடு வளர்கிறது. ஆனால் கொல்லைக் கதவைக் கழற்றி வாசலுக்கு வைத்தால் கொல்லைப் புறம் திறந்து கிடக்குமே? அங்கே இறந்தவர் ஒருவருடைய பதப்படுத்திய வால்வை வைத்தார். அது வளராது, என்றாவது ஒரு நாள் மாற்றியாக வேண்டும். நல்ல யுக்திதான்; ஆனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் யுக்தி. மேலும் அது எல்லாக் கதவுக்கும் பொருந்தாது. முடக்குக் காய்ச்சல் அதிகமாகக் கெடுக்கும் இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவேயுள்ள கதவுக்கு இதனால் பெரிய உதவி இல்லை.

பிறகு ஒரு புதிய எண்ணம் வந்தது. மிருகத்தின் வால்விலிருந்து அதன் உயிரணுக்களை எல்லாம் கழுவி எடுத்துவிட்டால், மிஞ்சுவது வெறும் சட்டம், ஓலை வேயாத கூரைச் சட்டம் மாதிரி. அதைக் குழந்தையின் உடம்பில் வைத்தால் குழந்தையின் சொந்த அணுக்கள் வந்து குடியேறி, நாளடைவில் அதைத் தங்கள் வீடாக்கிக்கொள்ளும் அல்லவா? உயிர் வந்தால் வளர்ச்சியும் வரும். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது!

2001-இல் வியன்னாவில் இந்த முறையில் கழுவிய பன்றி வால்வுகளை நான்கு சிறுவர்களுக்கு வைத்தார்கள். மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவன் ஏழாம் நாள். ஒருவன் ஆறு வாரத்தில். ஒருவன் ஒரு வருஷத்தில். நாலாவது சிறுவனுக்கு வைத்ததை இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள். குழந்தையின் அணுக்கள் குடியேறவில்லை. கழுவியும் மிஞ்சிய அந்நியத்தைக் கண்டு உடம்பு சண்டைக்குத்தான் எழுந்தது. அந்த டாக்டர்கள் இதை மறைக்கவில்லை. 2003-இல் விவரமாக எழுதி வெளியிட்டார்கள். வெற்றியை எழுதுவது எளிது. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு, 'இப்படித்தான் நடந்தது, நீங்கள் எச்சரிக்கையாக இருங்கள்' என்று உலகத்துக்கு எழுதுவதற்கு வேறு விதமான தைரியம் வேண்டும். அதற்குப் பின் இந்தத் துறையில் கால் வைத்த ஒவ்வொருவரும் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் கால் வைத்தார்கள்.

கால் வைத்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார். டாக்டர் கே. எம். செரியன், 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் 'பைபாஸ்' ரண சிகிச்சையை வெற்றியாகச் செய்தவர். பிற்காலத்தில் சென்னையில் ஃபிரான்டியர் லைஃப்லைன் ஆஸ்பத்திரியை நிறுவி, குழந்தைகளின் இருதயத்தில் மிகுந்த சிரத்தை காட்டினார். மாட்டின் கழுத்து நாளத்திலே இயற்கையாகவே ஒரு வால்வு இருக்கிறது. அதைக் கழுவிப் பக்குவப்படுத்திக் குழந்தைகளின் இருதயத்துக்கு உதவும்படி செய்ய முடியுமா என்று அவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூரில் மருத்துவ விஞ்ஞானத்துக்கென்றே ஒரு நகரத்தை எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கனவு. எளாவூருக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் பழவேற்காட்டு ஏரியின் கரை. கழுத்து நாளத்தின் கதவைப் பற்றி யோசித்தவர்களும், முகத்துவாரத்தின் மணலைப் பற்றி யோசித்தவர்களும் ஒரே ஏரியின் காற்றைத்தான் சுவாசித்தார்கள். செரியன் 2025 ஜனவரியில் மறைந்தார். அவர் தேடிய கதவு அவர் காலத்தில் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் சரியான கேள்வியைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

இப்போது நாம் பாவாடைக்கு வரலாம்.

2020-இல் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பெட்ரோ டெல் நீடோ, சோஃபி ஹோஃபர்பெர்த் ஆகியோர் ஒரு வால்வை வெளியிட்டார்கள். அவர்கள் இருதயத்தின் கதவைப் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. காலிலுள்ள ரத்த நாளத்தின் கதவைப் பார்த்தார்கள். அந்த நாளம் ரத்தம் நிறைந்து அகன்றாலும், வற்றிச் சுருங்கினாலும், அதன் இரண்டு இதழ்களும் தவறாமல் மூடிக்கொள்கின்றன. அந்த அமைப்பிலே செய்த செயற்கை வால்வைச் சின்ன அளவில் வைத்துவிட்டு, குழந்தை வளர்ந்த பின் நாளத்தின் வழியாக ஒரு சிறு பலூனை அனுப்பி ஊதினால் போதும். வால்வு அகன்று கொடுக்கும். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. வளரும் செம்மறியாடுகளில் அது பலித்தது. பின்னர் குழந்தைகளிடமும் பரீட்சை தொடங்கியது. இதைத்தான் நம் தாய்மார் மடிப்பு என்கிறார்கள். முதலில் துணி கொஞ்சம் கூடுதலாக வைத்துத் தைப்பது, வேண்டும்போது பிரித்துவிடுவது.

மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ராபர்ட் டிரான்குவிலோ கூட்டத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆட்டுத் தோலின் அணுக்களைக் கொண்டு சோதனைச் சாலையில் குழாய் போன்ற ஒரு திசுவை வளர்த்தார்கள். பிறகு அணுக்களைக் கழுவிவிட்டார்கள். மிஞ்சிய குழாய்கள் மூன்றைச் சேர்த்துத் தைத்து வால்வாக்கி ஆட்டுக்குட்டிகளுக்கு வைத்தார்கள். 2021-இல் வந்த செய்தி இது: குட்டிகள் ஒரு வருஷத்தில் ஆடாக வளர்ந்தன, 19 மி.மீ. இருந்த வால்வும் சுமார் 25 மி.மீ. ஆயிற்று. பலூன் இல்லை, மடிப்பு இல்லை, துணியே வளர்ந்துவிட்டது! ஆனால் ஆட்டுக்குட்டி வேறு, குழந்தை வேறு. வியன்னாவை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பார்கள்.

மூன்றாவது வழி 2022-இல் டியூக் சர்வகலாசாலையில் பிறந்தது. பிறந்து மூன்று வாரமும் ஆகாத ஒரு சிசுவுக்கு, இறந்துபோன இன்னொரு சிசுவின் இருதயத்திலிருந்து உயிருள்ள வால்வுகளை மட்டும் எடுத்து வைத்தார்கள். அவை குழந்தையோடு வளர்ந்து வருகின்றன என்று 2024-இல் எழுதினார்கள். ஒரு தாயின் கண்ணீரில் இன்னொரு தாயின் குழந்தை வளர்கிறது. ஆனால் தானம் கிடைப்பது அரிது. இந்த வழி எல்லாக் குழந்தைக்கும் எட்டக்கூடியது அல்ல.

சரித்திரம் இவ்வளவுதான். இதில் மனத்தை உறுத்தும் ஒரு தேதி இருக்கிறது. செயின்ட் ஜூட் வால்வு முதன்முதலில் மனிதருக்கு வைக்கப்பட்டது 1977-இல் என்று சொன்னேன். கைக்குழந்தைக்குப் பொருந்தும் 15 மி.மீ. அளவுக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைத்த வருஷம் 2018. நாற்பத்தொரு வருஷம்! அதுவும் வளரும் வால்வு அல்ல. வெறும் சின்ன வால்வு. அதற்கே அத்தனை காலம். ஏன்? வித்தை தெரியாமலா? அல்ல. பணக்கார நாடுகளில் முடக்குக் காய்ச்சல் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. வால்வு தேவைப்படும் குழந்தைகள் அங்கே கொஞ்சம் பேர், முதியவர்களோ லட்சக்கணக்கில். எந்த வியாபாரி யாருக்குச் செய்வான்? ஏழை நாடுகளில் இப்படிப்பட்ட குழந்தைகள் நிறையப் பேர். ஆனால் அவர்களிடம் பணம் இல்லை. பணம் உள்ள இடத்தில் குழந்தைகள் இல்லை. குழந்தைகள் உள்ள இடத்தில் பணம் இல்லை. இந்தச் சந்துக்குள்தான் எட்டு வயதுப் பெண் அகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதை உடைக்க முடியாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஏனென்றால் ஒரு தடவை உடைத்திருக்கிறோம். 1970-களில் வெளிநாட்டு விலையைக் கண்டு, 'நம்மால் ஆகாது' என்று திருவனந்தபுரத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் சித்ரா பிறந்திருக்காது. அன்று அவர்கள் கேட்டது, 'நம் ஜனங்களால் வாங்கக்கூடியது எது?' என்ற கேள்வி. இனி கேட்க வேண்டியது, 'நம் குழந்தைகளோடு வளரக்கூடியது எது?' என்ற கேள்வி. பாஸ்டன் கதவு ஒரு நாள் கடைக்கு வரும். பலூனும் வால்வும் என்ன விலை விற்கும் என்பதை இப்போதே ஊகித்துக்கொள்ளலாம். பாவாடைக்கு மடிப்பை முதலில் வெட்டும்போதே விட வேண்டும்; தைத்து முடித்த பிறகு விட முடியாது. குழந்தையை மனத்தில் வைத்துத் தொடங்குகிற ஆராய்ச்சிதான் குழந்தைக்கு உதவும். பெரியவருக்குச் செய்ததைச் சுருக்கித் தருவது அப்பாவின் சட்டையை வெட்டிப் பிள்ளைக்குப் போடுவது போலத்தான்.

அதுவரையில் குப்பத்துத் தாய்க்கு என்ன பதில்? இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் இன்றே கிடைப்பவை. கெட்ட கதவை உடனே கழற்றி எறிய வேண்டியதில்லை. முடிந்த வரையில் அதையே செப்பனிடலாம். ஒட்டிக்கொண்ட இதழ்களைப் பலூனால் பிரிக்கும் முறையை ஜப்பானில் இனோவே என்பவர் 1980-களில் கொண்டுவந்தார். கிழிந்ததைத் தைக்கவும் தளர்ந்ததை இறுக்கவும் நிபுணர்கள் இருக்கிறார்கள். கோணலானாலும் சொந்தக் கதவு உயிருள்ள கதவு. அது அவளோடு வளரும். ரண சிகிச்சைச் செலவுக்கு 2009-லிருந்து தமிழ்நாட்டு அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம் கை கொடுத்து வருகிறது.

இரண்டாவது பதில் இன்னும் எளியது, இன்னும் பழையது. முடக்குக் காய்ச்சல் ஒரு தடவை வந்த பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால், காய்ச்சல் திரும்ப வந்து கதவை மேலும் கெடுப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1950-களிலிருந்து உலகம் அறிந்த விஷயம் இது. ஊசியின் விலை சொற்பம். ஆனால் அதை வருஷக் கணக்கில், பிள்ளை வளர்ந்து பெரியவளாகும் வரையில், ஒரு தவணை கூடத் தவறாமல் போட வேண்டும். மீன் பாடு உள்ள நாளிலும் போட வேண்டும். பாடு இல்லாத நாளிலும் போட வேண்டும். வலி பொறுக்காமல் குழந்தை அழும். 'இப்போது நன்றாகத்தானே ஓடியாடுகிறாள், எதற்கு வீண் ஊசி?' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குச் செவி கொடுக்காமல், இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பெண்ணின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போகிற தாய், பாஸ்டனிலும் திருவனந்தபுரத்திலும் நடக்கிற அதே வேலையைத்தான் தானும் செய்கிறாள்.